சுவரில் எழுதியிருக்கும் அடிக்கணக்கை நம்பலாமா? பேஸ்பால் மைதானத்தை எடைபோடும் முறை

கிரிக்கெட்டில் பவுண்டரிக் கயிற்றை உள்ளே இழுத்தால் சிக்ஸர் கூடும். பேஸ்பாலில் கயிறு இல்லை, சுவர்தான். அதுவும் ஊருக்கு ஒரு மாதிரி. ஒரு மைதானம் ஹோம் ரனுக்குத் (பந்து சுவரைத் தாண்டும் அடி, நம் சிக்ஸர் மாதிரி) தோதானதா என்று நாமே கண்டுபிடிக்க ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: ஓரங்களையும் நடுவையும் குறித்துக்கொள்ளுங்கள்

பேட்டர் ஓடித் தொட வேண்டிய பேஸ்களுக்கு இடையே 90 அடி. அமெரிக்காவின் முதன்மையான மேஜர் லீக்கில் இது எங்கும் மாறாது. பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து சுவர் வரையான தூரம்தான் மாறும். 1958-க்குப் பிறகு கட்டும் மைதானங்களில் இரு ஓரங்களிலும் குறைந்தது 325 அடி, நடுவில் 400 அடி வேண்டும் என்கிறது விதி. ஆனால் விதிவிலக்கு தாராளமாகக் கிடைக்கும். நியூயார்க்கில் 2009-இல் திறந்த யாங்கி ஸ்டேடியத்தில் வலது ஓரம் 314 அடிதான்.

படி 2: பக்கத்திலேயே சுவரின் உயரத்தையும் எழுதுங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடது ஓரம் வெறும் 310 அடி. அட, இவ்வளவு பக்கமா என்று தோன்றும். ஆனால் அங்கே நிற்பது 37 அடி உயரப் பச்சைச் சுவர். ‘கிரீன் மான்ஸ்டர்’ என்று பெயர். ஒரு பேட்டர் பந்தைத் தாழ்வாக, விசையோடு அடிக்கிறார் என்று வையுங்கள். வேறு ஊரில் சுவரைத் தாண்டிப் போயிருக்கும் பந்து, இங்கே சுவரின் பாதி உயரத்தில் மோதித் திரும்புகிறது; அவருக்கு இரண்டு பேஸ்தான் கிடைக்கும். அடுத்தவர் மேலே தூக்கி அடிக்கிறார். வேறு மைதானத்தில் சுலபமான கேட்ச். இங்கே சுவருக்கு மேலாகச் சொட்டென்று விழுந்து ஹோம் ரன். ஒரே சுவர், ஒருவரிடம் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கிறது.

படி 3: எந்தக் கை என்று பாருங்கள்

இடது கை பேட்டர் பலமாக இழுத்து அடிக்கும் பந்து வலது பக்கம் போகும், நம் லெக் சைடு போல. ஆகவே யாங்கி ஸ்டேடியத்தின் அந்த 314 அடி இடது கைக்காரர்களுக்குத்தான் விருந்து.

படி 4: காற்று

டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிசு, பந்து கூடுதல் தூரம் பறக்கும். அதை ஈடுகட்டத்தான் 1995-இல் திறந்த இந்த மைதானத்தைக் கட்டும்போதே இடது ஓரத்தை 347 அடி, நடுவை 415 அடி என்று விரித்தார்கள். அப்படியும் 1999-இல் அந்த ஒரே மைதானத்தில் 303 ஹோம் ரன்கள்! 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுக்கிறார்கள்; காய்ந்த பந்து அதிகம் துள்ளும் என்பதால். சுவரைத் தள்ளி வைத்ததில் இன்னொரு விளைவும் உண்டு: ஃபீல்டர்களுக்கு நடுவே இடம் பெருகி, தரையில் விழும் அடிகள் கூடிவிட்டன.

படி 5: இப்போது கணக்கு

ஒரு அணியின் சொந்த மைதானத்தில் இரு அணிகளும் சேர்ந்து அடித்த ஹோம் ரன்களை அங்கே நடந்த ஆட்டங்களால் வகுங்கள். அதே அணி வெளியூரில் ஆடிய ஆட்டங்களுக்கும் இதையே செய்யுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, 81 உள்ளூர் ஆட்டங்களில் 240, 81 வெளியூர் ஆட்டங்களில் 200 என்றால் விடை 120. அதாவது வெளியூரைவிட இங்கே 20 சதவீதம் அதிகம். இதற்குப் பெயர் பார்க் ஃபேக்டர். எதிரணியையும் ஏன் சேர்க்க வேண்டும்? சொந்த அணியில் அந்த மைதானத்துக்கென்றே பொருந்திய அடிகாரர்கள் இருந்தால் அந்தப் பெருமையை மைதானத்துக்குக் கொடுத்துவிடுவோம், அதனால்தான்.

ஒரு வருடக் கணக்கு ஏமாற்றும். மூன்று வருடம் சேர்த்துப் போடுங்கள். ஆனால் நடுவில் சுவர் நகர்ந்ததா என்று முதலில் பாருங்கள். பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸில் 2022-க்கு முன் இடது சுவரை சுமார் 26 அடி வரை பின்னே தள்ளி, 7 அடியாக இருந்த உயரத்தை 13 அடியாக்கினார்கள். வலது கை பேட்டர்களுக்கு அது பெரிய இழப்பு. 2025-க்கு மறுபடி உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். இந்த மூன்று காலத்தையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பாதீர்கள்.