கிரீஸைச் சூடேற்றிப் பார்க்கும்போது எங்கே தவறுகிறோம்?

கிரீஸ் வாங்குபவர்கள் ஆய்வறிக்கையில் முதலில் தேடுவது டிராப்பிங் பாயின்டைத்தான். சாதாரண லித்தியம் கிரீஸ் என்றால் 180 முதல் 200 டிகிரி செல்சியஸுக்குள் ஓர் எண் இருக்கும். "சரி, 180 வரை தாங்கும்" என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. சின்னக் கிண்ணத்தின் உட்சுவரில் கிரீஸைப் பூசி, மெல்லச் சூடேற்றி, அடித்துளை வழியே முதல் சொட்டு விழும்போது குறித்த வெப்பநிலை அது, அவ்வளவுதான். பேரிங்கில் நாள்கணக்கில் ஓடும்போது எண்ணெய் ஆவியாவதும் ஆக்ஸிஜனேற்றம் அடைவதும் அதற்கு வெகு கீழேயே ஆரம்பித்துவிடும். லித்தியம் கிரீஸைத் தொடர்ந்து ஓட்ட 120, 130 டிகிரியே அதிகம்.

டிராப்பிங் பாயின்டும் உருகுநிலையும் ஒன்றல்ல. கிரீஸ் என்பது சோப்பு இழைகளின் பின்னல் பிடித்துவைத்திருக்கும் எண்ணெய். பழைய வகைச் சுண்ணாம்பு சோப்பு கிரீஸ் 100 டிகிரியை ஒட்டியே சொட்டிவிடும். அங்கே சோப்பு உருகுவதில்லை. அதன் பின்னலைக் கட்டிவைத்திருந்த கொஞ்சம் நீர் வெளியேறிவிடுகிறது. பிறகு எண்ணெய் தனி, சோப்பு தனி. இதையே, சூடேற்றும்போது சாம்பிள் உறிஞ்சும் வெப்பத்தைக் கோடாக வரையும் டி.எஸ்.சி. கருவியில், மூடாத பேனில் (சின்னத் தட்டில்) வைத்துப் பார்த்துவிட்டு, 100 டிகிரி அருகே தெரியும் பள்ளத்தை "உருகல்" என்று எழுதிவிடுவார்கள். இறுக மூடிய பேனில் ஒருமுறை ஓட்டுங்கள். நீர் ஆவியாவதால் வந்த பள்ளமென்றால் அது இடம் மாறிவிடும்.

சாம்பிள் எடுப்பதிலும் கவனம் வேண்டும். வாளியின் மேலே எண்ணெய் கசிந்து நிற்கும். அதோடு சேர்த்து வழித்தால் கணக்கு கெட்டுப்போகும். கிரீஸில் சோப்பு 10 சதவீதம் என்று வையுங்கள். பேனில் 5 மில்லிகிராம் வைத்தால் உண்மையில் உருகப்போவது அரை மில்லிகிராம்தான். உருகல் பள்ளம் சின்னதாகத்தான் வரும். அதைத் தனிச் சோப்பின் உருகல் வெப்பத்தோடு ஒப்பிடுகிறவர்கள், மொத்த எடையால் வகுத்துவிட்டு "குறைகிறதே" என்று திகைப்பார்கள். சோப்பின் எடையால் வகுக்க வேண்டும்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இன்னொரு பழக்கம். பிளாஸ்டிக் ஆய்வில் முதல் சூடேற்றத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாவதைப் பார்ப்பது வழக்கம். அதே பழக்கத்தில் கிரீஸுக்கும் செய்கிறார்கள். கிரீஸ் தயாரிக்கும் கொப்பரையான கெட்டிலில் 200 டிகிரிக்கு மேல் ஏற்றி, சோப்பை எண்ணெயில் உருக்கிக் கரைத்து, பிறகு ஆறவிடும் வேகத்தைப் பொறுத்துத்தான் சோப்பு இழைகளின் நீளமும் பின்னலும் அமைகின்றன. கெட்டிலில் நடந்ததெல்லாம் பதிந்திருப்பது முதல் சூடேற்றத்தில்தான். ஒருமுறை முழுக்க உருக்கி, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் ஆறவிட்டால், பேனுக்குள் நீங்களே வேறொரு கிரீஸ் தயாரித்துவிட்டீர்கள் என்றுதான் பொருள். இரண்டு சூடேற்றங்களின் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெட்டிலில் சுவரோரம் ஒரு சூடும் நடுவில் வேறு சூடும் இருந்து, சில இடங்களில் சோப்பு முழுசாக உருகாமல் போயிருந்தால், அந்த வித்தியாசத்துக்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

சூடேற ஏற எடை எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் டி.ஜி.ஏ.வில் நைட்ரஜன் ஓட்டத்தில் குறையும் எடை பெரும்பாலும் எண்ணெய் ஆவியானது. அதைச் "சிதைவு" என்று எழுதாதீர்கள். ஆக்ஸிஜனேற்றம் தெரிய வேண்டுமானால் காற்றிலோ ஆக்ஸிஜனிலோ ஓட்டுங்கள்.

டி.எஸ்.சி. கருவியை இண்டியம் என்ற உலோகத்தை மட்டும் வைத்துச் சரிபார்ப்பவர்களும் உண்டு. அது 156.6 டிகிரியில் உருகும்; லித்தியம் சோப்பு உருகுவதோ 200 டிகிரி வாக்கில். 231.9 டிகிரியில் உருகும் வெள்ளீயத்தையும் ஒரு ஓட்டம் ஓட்டிவிடுங்கள்.