பழைய ரோடு சைக்கிளுக்குப் புதிய கியர்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பழைய ஸ்டீல் சைக்கிளின் கியரை மாற்ற முடிவெடுத்ததும் பாகங்களைத் தேடிக் கிளம்ப வேண்டாம். முதலில் பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். அச்சு உட்காரும் இரண்டு கவைகளின் உட்பக்க இடைவெளியை அளங்கள். 120 மி.மீ. என்றால் பெரும்பாலும் 5 கியர் (பின்னால் 5 பல்சக்கரங்கள்) காலத்து ஃபிரேம். 126 என்றால் 6 அல்லது 7. 130 என்றால் 8 அல்லது அதற்கு மேல். மற்ற முடிவுகள் எல்லாம் இந்த எண்ணுக்குப் பிறகுதான்.

126 மி.மீ. ஸ்டீல் ஃபிரேமில் 130 மி.மீ. சக்கரம் நுழையும். பக்கத்துக்கு 2 மி.மீ. கையாலேயே விரித்துப் பொருத்திவிடலாம். 120-ஐ 130 ஆக்குவது ஃபிரேம் வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. அலுமினியம், கார்பன் ஃபிரேம்களை விரிக்கவே கூடாது.

அடுத்து, சக்கரத்தில் இருப்பது ஃப்ரீவீலா (ஹப் எனும் சக்கர நடுப்பகுதியில் மரையால் திருகப்படும் பல்சக்கரத் தொகுதி), கேசட்டா (ஹப்பின் மேல் செருகப்படும் தொகுதி) என்று பாருங்கள். பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றும்போது நடுவிலுள்ள, கருவி பொருந்தும் வளையமும் கூடவே சுற்றினால் கேசட். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் ஹப்பில் கேசட் ஏறாது, சக்கரத்தையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு வேண்டாம் என்றால் 126 மி.மீ. ஃபிரேமுக்கு 7 கியர் ஃப்ரீவீல் தாராளமாகப் போதும். சக்கரத்தை மாற்றுவதானால் 8 கியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். 11 கியர் ஆசை பழைய சைக்கிளில் ஒவ்வொரு பாகமாக மாற்றச் சொல்லிக்கொண்டே போகும்.

ஃபிரேம் குழாயில் இருக்கும் பழைய உராய்வு லீவர்களை (கிளிக் இல்லாமல் நகரும் கியர் மாற்றும் கைப்பிடிகளை) தூக்கி எறியாதீர்கள். எத்தனை கியர், எந்த நிறுவனம் என்று அவை கேட்பதில்லை. 'கிளிக்' என்று விழும் லீவர்தான் வேண்டுமென்றால், லீவர், பின் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் நகர்த்தும் பாகம்), கேசட் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துபவையா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

இனி கழற்றும் வேலை. இடது பெடலின் மரை தலைகீழானது. கிராங்க் (பெடல் மாட்டிய கை) போல்ட்டை எடுத்ததும் உள்ளே வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்; அது இருக்கும்போதே புல்லரை (கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவியை) திருகினால் கிராங்கின் மரை போய்விடும். பாட்டம் பிராக்கெட்டில் (கிராங்க் அச்சும் பேரிங்கும் இருக்கும் பகுதியில்) இன்னும் கவனம் தேவை: ஆங்கில மரை என்றால் செயின் பக்கக் கப் (பேரிங்கைப் பிடித்திருக்கும் மரையிட்ட மூடி) வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும்; இத்தாலிய மரையில் இரு பக்கமும் வழக்கம்போல் இடஞ்சுழி. கப்பில் 1.37×24 என்றிருந்தால் ஆங்கிலம், 36×24 என்றால் இத்தாலி. பேரிங் சுகமாகச் சுழன்று, முன் பல்சக்கரத்தின் பற்களும் கூர்மையாகத் தேயாமல் இருந்தால் இந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம்.

புதிய செயினை டீரெய்லருக்குள் விடாமல், முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் இரண்டையும் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணிகள், அதாவது 1 அங்குலம், கூட்டி வெட்டுங்கள்.

கேபிளை மாட்டும் முன்பே, டீரெய்லர் எதுவரை நகரலாம் என்று கட்டுப்படுத்தும் H, L என்ற இரண்டு எல்லைத் திருகுகளையும் சரிசெய்யுங்கள். H திருகால் டீரெய்லரின் மேல் உருளையைச் சின்னப் பல்சக்கரத்துக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். பிறகு டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பிடித்து, பெரிய பல்சக்கரத்துக்கு நேராக நிற்கும்படி L திருகை வையுங்கள். இது தளர்ந்திருந்தால் செயின் ஆரக்கம்பிகளுக்குள் விழும். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதுதான் பெரும்பாலும் விழும். கடைசியில் கேபிளைத் தொய்வில்லாமல் இழுத்து இறுக்குங்கள். கிளிக் லீவராக இருந்து, சில நாள் ஓட்டத்தில் பெரிய பல்சக்கரங்களுக்கு ஏறத் தயங்கினால், டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பினால் சரியாகிவிடும்.