விஷுவல் நாவலில் கர்சரைச் சாவியாக மாற்றலாம், வாருங்கள்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றைக் களமாக வைத்து ரென்பை என்ற மென்பொருளில் ஒரு விஷுவல் நாவல், அதாவது படங்களோடு படித்துக்கொண்டே ஆடுகிற கதை, செய்துவருகிறேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்ளே போகிற கதை. அந்த வீட்டுக்குள் கணினியின் வெள்ளை அம்புக்குறி, அதாவது கர்சர், உலவுவது எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே நடமாட வேண்டியது ஒரு சாவிதான். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் ஒரு மாலைப்பொழுதில் இதைச் செய்துவிடலாம்.

முதலில் படம். கிரிட்டா, கிம்ப் இரண்டுமே இலவசம். எது கைக்கு வருகிறதோ அதில் 32க்கு 32 பிக்சல் அளவில், பின்னணி நிறம் எதுவும் இல்லாமல் ஒரு புதிய படம் திறந்துகொள்ளுங்கள். 64க்கு 64 பெரும்பாலான கணினிகளில் ஓடும். 32 எல்லாவற்றிலும் ஓடும். பெரிதாக வரைந்து பிறகு சுருக்க வேண்டாம், சாவியின் பல் மழுங்கிப்போகும். பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்புங்கள். பல் உள்ள முனை இடது மேல் மூலையைப் பார்க்கட்டும், வளையம் வலது கீழே இருக்கட்டும். அம்புக்குறிக்குப் பழகிய கை அப்படித்தான் எதிர்பார்க்கும்.

நிறத்தில்தான் எனக்கு அதிக நேரம் போனது. இரும்புச் சாவி என்று கறுப்பாக வரைந்தேன். பர்மா தேக்குக் கதவின் மேல் போனதும் காணாமல் போனது. வெளிர் மஞ்சளாக்கினேன்; சுண்ணாம்புச் சுவர் விழுங்கிவிட்டது. கடைசியில் பித்தளை நிறம், அதைச் சுற்றி ஒரு பிக்சல் கருங்கோடு, அதற்கும் வெளியே ஒரு பிக்சல் வெளிர்கோடு. இப்போது பூவும் கட்டமுமாக இருக்கும் ஆத்தங்குடிக் கல் தரையில்கூடப் பளிச்சென்று தெரிகிறது. உங்கள் ஆட்டத்தின் மிக இருண்ட பின்னணி, மிக வெளிறிய பின்னணி இரண்டிலும் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

படத்தைப் பிஎன்ஜியாக, கேம் கோப்புறைக்குள் இருக்கும் ஜியுஐ கோப்புறையில் சேமியுங்கள். பெயர் முழுக்கச் சிறிய எழுத்தில் இருக்கட்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் பொறுக்காது.

சரி, இப்போது நிரல். ஆப்ஷன்ஸ் கோப்பைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்தில் டிஃபைன், ஓர் இடைவெளி, கான்ஃபிக், புள்ளி, மவுஸ், சமக்குறி என்று எழுதி, நெளிவு அடைப்பு ஒன்று போடுங்கள். அதற்குள் மேற்கோள் குறியில் டிஃபால்ட், அடுத்து முக்காற்புள்ளி. பிறகு சதுர அடைப்பு. அதற்குள் சாதாரண அடைப்பு. அதற்குள் மேற்கோளில் படத்தின் பாதை, இரண்டு எண்கள், நடுவே காற்புள்ளிகள். திறந்த அடைப்புகளை எல்லாம் மூடுங்கள்.

அந்த இரண்டு எண்கள்தான் இதில் உயிர். படத்தின் எந்தப் பிக்சல் உண்மையில் தொடுகிறது என்பதை அவை சொல்கின்றன: முதலாவது இடமிருந்து, இரண்டாவது மேலிருந்து. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். நான் நடுப்புள்ளி என்று நினைத்து 16, 16 கொடுத்திருந்தேன். ஆடிப் பார்த்த அப்பத்தா, "ஏம்ப்பா, பூட்டு மேலதானே சாவிய வச்சேன், தொறக்கலயே" என்றார். அவர் வைத்தது சரி. பல் பூட்டில் இருந்தது, ஆட்டமோ சாவித்தண்டின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் சாவியின் நுனி மூன்றாவது பத்தி, இரண்டாவது வரிசை. ஆகவே 2, 1 என்று மாற்றியதும் கதவு திறந்தது.

அப்புறம், பொத்தான்கள் மேல் போனால் சாவி மின்ன வேண்டுமா? டிஃபால்ட் போலவே பட்டன் என்று இன்னொரு பதிவு சேர்த்து, சதுர அடைப்புக்குள் பல படங்களை வரிசையாகக் கொடுங்கள். நொடிக்கு 20 படம் என்ற வேகத்தில் அது சுற்றும். நான்கு படம் மட்டும் கொடுத்தால் கண் கூசும். ஒவ்வொன்றையும் ஐந்து முறை எழுதினால் ஒரு சுற்றுக்கு ஒரு நொடி ஆகும். குறிப்பிட்ட ஒரு பொத்தானுக்கு மட்டும் தனிக் கர்சர் வேண்டுமென்றால், உங்கள் விருப்பப்படி ஒரு பெயரில் பதிவு செய்துவிட்டு, அந்தப் பொத்தானில் மவுஸ் என்ற பண்புக்கு அந்தப் பெயரைக் கொடுங்கள். கைபேசியில் எப்படியும் கர்சர் கிடையாது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்பத்தா தன் கணினியில் அம்புக்குறியைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்; என் 32 பிக்சல் சாவி அந்த வசதியைப் பறித்துவிடுகிறது. ரென்பையின் பிரஃபரன்ஸ் செயலில், கணினியின் சொந்த அம்புக்குறியையே திரும்பக் கொண்டுவர, சிஸ்டம் கர்சர் என்று ஒன்று உண்டு. அமைப்புத் திரையில் அதற்கு ஒரு பொத்தான் வைத்துவிட்டேன். அப்பத்தா முதல் வேலையாக அதை அழுத்திவிட்டுத்தான் வளவுக்குள் போகிறார்.