அம்மா அடிக்கடி ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னால்

எழுபது வயது அம்மாவின் கையில் கன்றிப்போயிருந்தால் நமக்கு முதலில் பாத்ரூம் ஈரம்தான் ஞாபகத்துக்கு வரும், அப்பா வரமாட்டார். அதனால் தனியாகக் கேளுங்கள், அப்பா பக்கத்து அறையில் டிவி பார்க்கும்போது அல்ல, கோயிலுக்கோ ரத்தப் பரிசோதனைக்கோ கூட்டிப்போகும் வழியில். “அப்பா கை நீட்டுறாராம்மா?” என்று நேராகவே கேட்கலாம். “இத்தனை வருஷம் பொறுத்துட்டீங்க, இனிமே என்ன” என்பது மட்டும் வாயில் வரக் கூடாது.

“கிளம்பி வந்துடுங்க” என்பதும் முதல் நாளே வேண்டாம். பல அம்மாக்களுக்கு அடி நிற்க வேண்டும், வீடு போகக் கூடாது. சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது: 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு வயது வரம்பு கிடையாது, வீடு அப்பா பெயரில் இருந்தாலும் அங்கேயே குடியிருக்க அம்மாவுக்கு உரிமை உண்டு, மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அதை மீறினால் ஓராண்டு வரை சிறை. மனு போட உதவ மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். யார், எங்கே என்று பெண்கள் உதவி எண் 181-இல் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. (2007 மூத்த குடிமக்கள் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பிள்ளைகளிடமும் சொத்து பெறும் உறவினரிடமும் ஜீவனாம்சம் கேட்கத்தான் அது, புருஷன் அடிப்பதற்கு அல்ல.)

காயம் பட்டால் அரசு மருத்துவமனையில் உண்மையைச் சொல்லிப் பதிந்து, ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் தலையில் சின்ன அடி பட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

ஆயுசுக்கும் கை ஓங்காத மனிதர் 75 வயதில் திடீரென அடிக்கிறாரா? மறதிநோயாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் அதற்காக அம்மாவை அவரோடு தனியாக விட்டுவிட வேண்டாம்.

சரி, அம்மா மகள் வீட்டுக்கு வந்துவிட்டார், அப்பா தினமும் தெருமுனை டீக்கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, வேண்டாம் என்று சொன்ன பிறகும் பேசப் பின்னாலேயே வருகிறார் என்றால் “பாவம், பாசம்” என்று சொல்லாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 78-ஆம் பிரிவில் இது பின்தொடரும் குற்றம், முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. அம்மாவின் போனில், வாட்ஸ்அப்பில் வேறு கருவி இணைந்திருக்கிறதா, கூகுள் மேப்பில் இருக்குமிடம் பகிரப்படுகிறதா என்று பாருங்கள். ஆனால் அம்மா இன்னும் அவரோடு இருக்கும்போது சட்டென்று அவற்றை நிறுத்தினால் அதற்கும் ஒரு அடி விழும், வெளியே வந்த பிறகு செய்யுங்கள்.

அப்புறம் அவசரமாகக் கிளம்ப ஒரு பை, நம்பிக்கையான பக்கத்து வீட்டில்: ஆதார் நகல், பாஸ்புக், ஒரு வார மாத்திரை, பழைய கண்ணாடி. பல்செட் ஒன்றுதான் இருக்கும் என்பதால், ராத்திரி அதைக் கழற்றி எங்கே வைக்கிறார் என்று கேட்டு வையுங்கள்.