நீருக்குள் ஆடும் பொருளின் கூடுதல் நிறையை அளப்பது எப்படி?

கடலில் நிற்கும் எண்ணெய்த் தளமோ மிதக்கும் காற்றாலையோ, எதன் அசைவைக் கணினியில் கணக்கிட்டாலும், நாம் உள்ளிடும் இரண்டு எண்கள் சரியாக இருந்தால்தான் வரும் விடையை நம்ப முடியும். ஒன்று, பொருள் முடுக்கப்படும்போது தன்னோடு இழுத்துச் செல்லும் நீரைக் குறிக்கும் கூடுதல் நிறை. மற்றொன்று, அசைவை அடக்கும் தணிவு. இவ்விரண்டையும் ஒரு தொட்டி, ஒரு சுருள்வில், ஒரு கோளம் ஆகியவற்றைக் கொண்டே அளந்துவிடலாம். ஆய்வைத் தொடங்குபவர் இதை ஒருமுறையேனும் தம் கையால் செய்து பார்ப்பது நல்லது.

10 செ.மீ. விட்டமும் 1 கிலோ நிறையும் கொண்ட கோளத்தை, 50 நியூட்டன்/மீட்டர் மாறிலியுள்ள சுருள்வில்லில் மெல்லிய கம்பியால் தொங்கவிடுங்கள். சுருள்வில் நீருக்கு மேலேயே இருக்கட்டும். கோளம் நீர்மட்டத்திலிருந்தும் அடித்தளத்திலிருந்தும் சுவர்களிலிருந்தும் சில விட்டங்களாவது தள்ளியிருக்க வேண்டும். மேற்பரப்பை நெருங்கினால் அது அலைகளை எழுப்பி ஆற்றலை இழக்கும், சுவரை நெருங்கினால் கூடுதல் நிறை உயர்ந்துவிடும்.

கோளத்தைச் சமநிலையிலிருந்து 4 செ.மீ. கீழே இழுத்து நூலால் கட்டி, நீருக்கு வெளியே இருக்கும் நூல்பகுதியைத் தீயால் சுட்டு அறுத்துவிடுங்கள். கையால் விட்டால் பக்கவாட்டு ஆட்டம் கலந்துவிடும். முதல் அலைவை ஒதுக்கிவிட்டு, அடுத்த பத்து அலைவுகளின் மொத்த நேரத்தைக் குறித்துப் பத்தால் வகுக்க வேண்டும். இதையே காற்றிலும் செய்யுங்கள்.

சுருள்வில்லின் நிறையைப் புறக்கணித்தால், காற்றில் அலைவுக்காலம் ஏறத்தாழ 0.89 நொடி. கோளம் இடம்பெயர்க்கும் நன்னீரின் நிறை 0.524 கிலோ, கோட்பாட்டின்படி கூடுதல் நிறை அதில் பாதி, அதாவது 0.262 கிலோ என்பதால், நீரில் அலைவுக்காலம் 1.00 நொடியை ஒட்டி வர வேண்டும். இரு காலங்களின் விகிதத்தை வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்து, கோளத்தின் நிறையால் பெருக்கினால் கூடுதல் நிறை கிடைக்கும். நீரில் அளந்த காலத்தில் நூறில் ஒரு நொடி பிசகினாலே விடையில் பத்து விழுக்காடு அளவுக்குப் பிழை ஏறிவிடும். பத்து அலைவுகளைச் சேர்த்து அளக்கச் சொன்னது அதனால்தான். சுருள்வில் கனமாக இருந்தால் அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்கைக் கோளத்தின் நிறையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தணிவுக்கு, ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும் இரு வீச்சுகளின் விகிதத்திற்கு இயல் மடக்கை எடுத்து 2π-ஆல் வகுத்து, அவற்றின் சராசரி வீச்சுக்கு எதிரே வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகள் கிடைக்கோட்டில் அமைந்தால் தணிவு திசைவேகத்திற்கு நேர்விகிதமானது. வீச்சோடு சேர்ந்து ஏறினால் திசைவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்த இழுவிசையும் கலந்திருக்கிறது. அந்த ஏறுகோடு பூச்சிய வீச்சில் அச்சை வெட்டும் மதிப்பே நேர்விகிதப் பகுதி. ஒரே ஒரு சராசரி எண்ணைத் தந்து முடித்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை.

1950-இல் வெளிவந்த மாரிசன் சமன்பாடு அலைவிசையை நிலைமம், இழுவிசை என இரண்டாகப் பிரிக்கிறது. கூடுதல் நிறை முதலாவதில் இடம்பெறுகிறது. இதில் எது ஓங்கும் என்பதைக் கியூலிகன்–கார்பென்டர் எண் (வீச்சை விட்டத்தால் வகுத்து 2π-ஆல் பெருக்கிய மதிப்பு) காட்டும். நம் சோதனையில் அது தொடக்க வீச்சுக்குச் சுமார் 2.5, ஆகவே நிலைமமே ஓங்கியிருக்கும்.

முழு அளவுக்கு மாற்றும்போது எச்சரிக்கை தேவை. 1:50 மாதிரியில், நிலைமத்திற்கும் ஈர்ப்புக்கும் உள்ள விகிதத்தை மாறாமல் வைக்கும் ஃப்ரூட் விதிப்படி காலம் 7.07 மடங்கு சுருங்கும், ஆனால் நிலைமத்திற்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதமான ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 354 மடங்கு குறைந்துவிடும். கூடுதல் நிறையைப் பெருமளவு நம்பி அளவுமாற்றம் செய்யலாம். இழுவிசைக் கெழுவை அப்படியே எடுத்துச் செல்லாமல், முழு அளவின் ரெனால்ட்ஸ் எண்ணுக்குரிய மதிப்பைத் தனியே தேர்ந்து, கடல்நீரின் அடர்த்தியான 1025 கிலோ/கனமீட்டரையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.