விலை உயர்ந்த எலெக்ட்ரிக் கிட்டார்: கடையில் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில்

"எதுல சவுண்டு நல்லா வரும்ணே?" இரண்டு லட்சம், மூன்று லட்சம் எடுத்து வைத்துவிட்டுக் கிட்டார் வாங்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வடபழனியில் கிட்டார் செட்டப்பும் (வாசிக்க வாகாகச் சரிசெய்து கொடுப்பது) ஃப்ரெட் வேலையும் பார்க்கிறேன். ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள். கடைக்குக் கூட வாங்களேன் என்று கூப்பிடுவார்கள், நேரம் இருந்தால் போவேன். சவுண்டைக் கடைசியில் பார்க்கலாம் என்று சொன்னதும் முகம் சுருங்கும்.

நான் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் மாற்ற முடியாதது எதுவோ அதற்குத்தான் கடையில் அதிக மார்க் போட வேண்டும். ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைக் கழற்றி வேறு போடலாம். ஸ்ட்ரிங்கை மாற்றலாம், ஆக்‌ஷனை (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) இறக்கலாம், நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் நட்டைப் புதிதாகப் போடலாம். ஆனால் நெக்கின் பருமன், உடம்பின் எடை, ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து, உடம்பில் ஸ்ட்ரிங் உட்காரும் பிரிட்ஜ் வரையான நீளம்), பெயின்ட் இதெல்லாம் வாங்கிய அன்றைக்கு என்னவோ அதுதான் கடைசி வரைக்கும். அதனால் என் வரிசையில் முதலில் கை, அடுத்தது கண், அப்புறம்தான் காது. கண்ணைக் காதுக்கு முன்னால் வைத்ததற்குச் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் ஸ்ட்ராப்பையும் பிக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன் பெட்டியை மாட்டி எடை பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசு இருந்தால் அதையும். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. ஒரே மாடல், ஒரே விலை என்று அடுத்தடுத்துத் தொங்கும் இரண்டு லெஸ் பாலில் ஒன்று 3.9 கிலோ இருக்கும், இன்னொன்று 4.5 கிலோ இருக்கும். மரம் அப்படி. கிப்சனின் லெஸ் பால் ஸ்டாண்டர்டு 50ஸ், 60ஸ் இரண்டிலும் உடம்பை உள்ளே குடையாமல் விடுகிறார்கள். லெஸ் பால் மாடர்னில் குடைந்து எடையைக் குறைக்கிறார்கள். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) பெரும்பாலும் மூன்றரை கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அரைக் கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது என்று உட்கார்ந்து வாசிக்கும்போது தோன்றும். ஸ்ட்ராப் மாட்டி இருபது நிமிடம் நின்று பாருங்கள், தோள் பதில் சொல்லும். கல்யாண ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் நிற்கிற லைட் மியூசிக் ஆட்களுக்கு நான் நாலு கிலோவுக்கு மேல் எதையும் சிபாரிசு செய்வதில்லை, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

நின்றபடியே இடது கையை நெக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். தலைப்பக்கம் தானாகத் தரையைப் பார்த்து இறங்குகிறதா? கிப்சனின் எஸ்.ஜி. வகைக்கு இந்தக் குணம் உண்டு. லேசாக இறங்கினால் உள்பக்கம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் போட்டுச் சமாளிக்கலாம். வேகமாக இறங்கினால் வாசிக்கும் நேரம் முழுக்க இடது கை நெக்கைத் தூக்கிப் பிடிக்கிற வேலையையும் சேர்த்துப் பார்க்கும். உட்கார்ந்து வாசிக்கிறவராக இருந்தால் உடம்பின் விளிம்பைக் கவனியுங்கள். ஃபெண்டரின் முந்தைய மாடலான டெலிகாஸ்டரின் கூரான விளிம்பு விலாவில் இடிக்கிறது என்று வாசிக்கிறவர்கள் குறைப்பட்டதால்தான் 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வயிறு படும் இடத்தையும் முன்கை படும் இடத்தையும் செதுக்கினார்கள். அந்தக் கம்பெனியை நிறுவிய லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கிறவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்.

சரி, நெக். என்னைக் கேட்டால் நீங்கள் கொடுக்கிற காசில் பாதி இதற்குத்தான். கிட்டாரைக் கையில் வாங்கியதும் கடைக்காரருக்கு வேகம் காட்ட வேண்டாம். முதல் ஃப்ரெட்டில் எஃப் பார் கார்டு பிடித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். அதே பிடியை ஐந்தாவது ஃப்ரெட்டுக்கும், அப்புறம் பத்துக்கும் நகர்த்துங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை இழுத்தால் நெக் உங்களுக்குப் பெரிது. உள்ளங்கையில் எதுவும் படாமல், கட்டைவிரல் நுனி மட்டும் ஊன்றி வலித்தால் மெலிது. மெலிந்த நெக்கில்தான் வேகம் வரும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. பெரிய கைக்காரர்களுக்கு அதில் ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல் மரத்துப்போவதைத்தான் நான் பார்க்கிறேன். கிப்சனின் 50ஸ் நெக் கிரிக்கெட் பேட் கைப்பிடி மாதிரி உருண்டு கையை நிரப்பும்; 60ஸ் சப்பை. இரண்டையும் ஒரே உட்காரலில் பிடித்துப் பாருங்கள், யார் சொல்லியும் தெரிய வேண்டியதில்லை.

ஸ்கேல் நீளம் ஃபெண்டரில் 648 மி.மீ., கிப்சனில் 628 மி.மீ. பி.ஆர்.எஸ். என்ற கம்பெனியின் கஸ்டம் 24 நடுவில், 635. ஒரே 10–46 ஸ்ட்ரிங் செட்டைப் போட்டாலும் ஃபெண்டரில் இறுக்கம் கூடுதல். அதனால் இரண்டு கிட்டாரை ஒப்பிடும் முன் இரண்டிலும் என்ன கேஜ் (ஸ்ட்ரிங்கின் தடிமன்) இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். ஃபெண்டரில் 9ம் லெஸ் பாலில் 10ம் இருந்தால் கேஜ் வித்தியாசம் ஸ்கேல் வித்தியாசத்தை மறைத்துவிடும். அதை வைத்து ஸ்கேல் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டின் வளைவுக்கும் எண்கள் உண்டு. பழைய பாணி ஸ்ட்ராட்டில் 7.25 அங்குலம், இப்போதைய அமெரிக்கன் ஸ்ட்ராட் பலவற்றில் 9.5, பி.ஆர்.எஸ்.ஸில் 10, கிப்சனில் 12. எண் கூடக்கூடத் தட்டை. 7.25இல் கார்டு பிடிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் ஆக்‌ஷன் தாழ்வாக இருக்கும்போது முதல் ஸ்ட்ரிங்கை மேல் ஃப்ரெட்களில் ஒரு முழு டோன் இழுத்தால் நோட் பாதியில் செத்துப்போகும். கமகம் வாசிக்கிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. தோடி காந்தாரத்தை இழுத்து ஆட்டும்போது ஸ்ட்ரிங் பக்கத்து ஃப்ரெட்டில் உரசினால் அங்கே ராகம் இல்லை, சத்தம்தான். அவர்களுக்கு நான் சொல்வது 12 அங்குலமோ அதற்கு மேலோ வளைவு, உயரமான ஃப்ரெட். யாராக இருந்தாலும் 12இலிருந்து கடைசி வரை முதல் இரண்டு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் செத்தால் ஆக்‌ஷனை ஏற்றினால் போதும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் செத்தால் அங்கே ஃப்ரெட்கள் சமமாக இல்லை. அதை என்னைப் போன்றவர்கள் சரிசெய்துவிடுவோம். ஆனால் மூன்று லட்சம் கொடுத்துவிட்டு அந்த வேலைக்கும் நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அடுத்த பீஸைக் கேளுங்கள்.

நெக்கின் பின்புறப் பூச்சைக் கடையில் சரியாக எடைபோடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. அங்கே ஏ.சி. ஓடுகிறது, பளபளப்பான லாக்கர் நெக்கில் கை வழுக்கிக்கொண்டு போகும். அதே நெக் மே மாதம் ஃபேனுக்குக் கீழே உள்ளங்கையில் ஒட்டும். கையைக் கழுவி, வியர்த்த கை அளவுக்கு லேசான ஈரம் இருக்கும்போதே நெக்கில் மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டில் எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும். ஃபெண்டர் அமெரிக்கன் புரொஃபெஷனல் 2 மாதிரியானவற்றில் பின்புறம் சாட்டின் பூச்சு, நம் வெக்கைக்கு அது தோதானது. பளபளப்பை நானும் தேய்த்து மங்கவைத்துத் தருகிறேன். ஆனால் வாசிக்க வாசிக்க அது மறுபடி மெருகேறிவிடும்.

அப்படியே உள்ளங்கையை நெக்கின் ஓரத்தில் தேய்த்துக்கொண்டு வாருங்கள். ஃப்ரெட் முனைகள் கீறினால் காய்ந்த காற்றில் மரம் சுருங்கியிருக்கிறது, அல்லது வேலை அரைகுறை. பிறகு மூன்றாவது ஸ்ட்ரிங்கை மெதுவாக ட்யூன் செய்யுங்கள். நட்டிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவினால் அந்தப் பள்ளம் இறுக்கம். சின்ன விஷயம்தான், பேரத்துக்கு உதவும்.

ஆக்‌ஷன் உயரமாக இருக்கிறது என்று நல்ல கிட்டாரைத் தள்ளிவிட வேண்டாம். கடலைத் தாண்டி வந்த நெக் கடையில் தொங்கும்போது வளையத்தான் செய்யும். ஆறாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு, அதாவது கால் மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் நல்லது. கூடவோ குறையவோ இருந்தால் நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடை உங்கள் முன்னால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ராட் வேலை செய்தால் மிச்சமெல்லாம் செட்டப். 12ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது ஸ்ட்ரிங் 2 மி.மீ., முதல் ஸ்ட்ரிங் 1.5 மி.மீ. உயரத்தில் உரசாமல் வாசிக்க முடிந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இனி கண். அழகு முக்கியமில்லை என்று சொல்கிற கிட்டாரிஸ்ட் யாரையும் நான் நம்புவதில்லை. பார்க்கப் பிடித்த கிட்டார் கேஸுக்கு வெளியே ஸ்டாண்டில் இருக்கும், போகிற வருகிற போதெல்லாம் கை அதை எடுக்கும். ஆனால் அழகுக்குத் தனியாக எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பி.ஆர்.எஸ்.ஸில் '10 டாப்' என்று ஒரு கூடுதல் தொகை இருக்கிறது. அது மேலே இருக்கிற மேப்பிளின் வரியோட்டத்துக்கு மட்டும். வரி பளிச்சென்று இருப்பதால் ஒரு நோட்டுகூடக் கூடுதலாக இனிக்காது. வெளிச்சத்தில் கிட்டாரைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நல்ல ஃப்ளேம் மேப்பிளில் வெள்ளைக் கோடு கருப்பாகவும் கருப்பு வெள்ளையாகவும் மாறிக்கொண்டே இருக்கும். இணையப் படத்தில் அது ஒரே கோணத்தில் உறைந்திருப்பதால், படத்தைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பாலின் சிவப்புச் சாயம் வெயில் பட்டு வெளுத்துப்போகும். அப்போது சரியாக விற்காமல் அந்த வடிவத்தையே கிப்சன் நிறுத்திவிட்டு, 1968இல்தான் திரும்பக் கொண்டுவந்தது. இன்றைக்கு உலகத்திலேயே அதிக விலை போகிற கிட்டார்களில் அந்த வெளுத்த பீஸ்களும் உண்டு. புதுக் கிட்டாரையே அப்படி வெளுத்த நிறத்தில் அடித்துக் கூடுதல் விலைக்குக் கொடுக்கிறார்கள். வேண்டுமென்றே தேய்த்துப் பழசாக்கிய 'ரெலிக்' பூச்சும் இந்த வகைதான். பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் கடற்கரை ஊரில் ஸ்க்ரூ துருப்பிடிப்பதும் பிரிட்ஜ் மங்குவதும் இலவசமாகவே நடக்கும். தங்க முலாம் போட்ட பாகங்களை நான் தவிர்க்கச் சொல்வேன். வலது கை படும் இடத்தில் முலாம் முதலில் போகும். கிப்சனில் இருக்கும் நைட்ரோ லாக்கர் ரப்பர் வைத்த ஸ்டாண்டில் பட்டால் இளகித் தழும்பாகும், அதற்கேற்ற ஸ்டாண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய கிட்டார் என்றால் கண்ணுக்கு இன்னொரு வேலை. லெஸ் பாலின் தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். நட்டுக்குப் பின்னால் ட்ரஸ் ராடுக்காக மரத்தைக் குடைந்திருப்பதால் அந்த இடம்தான் நெக்கிலேயே பலவீனமானது. ஸ்டாண்டிலிருந்து சாய்ந்து விழுந்தாலே உடையும். போன் டார்ச்சை நெக்கோடு படுக்கவைத்தாற்போல் அடித்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு, நிறத்தில் ஒரு திட்டு, விரலில் தட்டுகிற ஒரு மேடு, இதில் எது தெரிந்தாலும் நேராகக் கேளுங்கள். நன்றாக ஒட்டியது நன்றாகவே வாசிக்கும், நானே ஒட்டியிருக்கிறேன். ஆனால் அதற்கு உடையாத கிட்டாரின் விலை கொடுக்கக் கூடாது.

காதுக்கு வருவோம். ஆம்பில் சொருகும் முன் வெறுமனே வாசியுங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு நோட்டை அடித்து நிற்கவிட்டால் எங்கேயாவது ஒன்று மட்டும் சீக்கிரம் அணையும். ஃபெண்டர் வகை நெக்குகளில் மூன்றாவது ஸ்ட்ரிங்கில் 5 முதல் 7 வரை இது அடிக்கடி வரும். அந்த அதிர்வெண்ணில் நெக்கும் சேர்ந்து அதிர்ந்து ஸ்ட்ரிங்கின் சக்தியை வாங்கிக்கொள்கிறது. லேசாக இருந்தால் விட்டுவிடலாம், நீங்கள் சோலோ வாசிக்கிற இடத்தில் இருந்தால் யோசியுங்கள். காதில் விழுகிற குறைகளில் பிக்கப் மாற்றியும் போகாதது இது.

பிறகு ஆம்ப். கடையின் பெரிய வால்வ் ஆம்பில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் ஹெட்போனும் ப்ராசஸருமாக வாசிக்கிறவர் அந்த ப்ராசஸரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு கிட்டாரை ஒப்பிட்டால் கேபிள், நாப், ஆம்ப் எதையும் தொடாதீர்கள். சத்த அளவை மட்டும் சமமாக்குங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) சாதாரணமாகவே சத்தம் கூட வரும், சத்தம் கூடினால் காது அதையே நல்லது என்று நினைக்கும். அப்புறம் கிட்டாரின் வால்யூமைப் பாதியாகக் குறையுங்கள். டிஸ்டார்ஷன் சுத்தமாகத் தெளிகிறதா, இல்லை மேல் சுருதியெல்லாம் போர்வைக்குள் போகிறதா? விலை உயர்ந்த கிட்டாரின் எலெக்ட்ரானிக்ஸை இங்கேதான் கேட்க முடியும்.

சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) உறுமும், அது பழுது இல்லை. அந்த உறுமலை அடக்கத்தான் கிப்சனில் சேத் லவர் 1955இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டார். இப்போதைய ஸ்ட்ராட் பெரும்பாலானவற்றில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சின் 2, 4 இடங்களில் உறுமல் அடங்கும். டிம்மர் போட்ட மேடை விளக்குக்குப் பக்கத்தில் வாசிக்கிறவர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மஹோகனி கதகதப்பு, மேப்பிள் பளிச் என்று கடையில் பாடம் நடக்கும். தலையாட்டிவிட்டு பிக்கப்பின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மரத்தைப் பற்றிய பேச்சைவிட அந்த ஸ்க்ரூ அதிகம் பேசும். ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டா மேப்பிளா என்பதை விரலுக்கு எது பிடிக்கிறது என்று வைத்துத் தேர்ந்தெடுங்கள். அந்த ரோஸ்வுட் பல நேரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான், அமெரிக்கா போய்ச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. 2017இல் அந்த மர இனம் முழுவதும் சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் சேர்ந்து காகிதத் தொல்லை வந்தது. 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. பழைய கிட்டாரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள் முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டு கிட்டார் சமமாக நின்றால் எடை குறைந்ததை எடுங்கள். பில் போடும் முன் ஹார்டு கேஸையும் ஒரு செட் ஸ்ட்ரிங்கையும் கேட்டு வாங்குங்கள். செட்டப்புக்கு அன்றைக்கே என்னிடம் கொண்டுவர வேண்டாம். இரண்டு வாரம் உங்கள் வீட்டுக் காற்றில் இருக்கட்டும், நெக் எந்தப் பக்கம் போக வேண்டுமோ போகட்டும், அப்புறம் வாருங்கள்.