சிறுநீரில் ஹீமோகுளோபின்: ரிப்போர்ட் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூரின் ரிப்போர்ட்டில் 'பிளட்' என்ற வரிக்கு நேராக 2+ என்று இருந்தால், சிறுநீரில் ரத்தம் போகிறது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது.

சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டையான ஸ்ட்ரிப்பில், ரத்தத்துக்கென உள்ள மஞ்சள் சதுரத்தில் ஒரு பெராக்சைடும், நிறம் மாறும் டெட்ராமெத்தில்பென்சிடினும் இருக்கின்றன. ஹீம் (ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்புள்ள பகுதி) பட்டால் சதுரம் பச்சையாகி, பிறகு நீலமாகும். அந்த ஹீம் முழுச் சிவப்பணுவுக்குள் இருந்து வந்திருக்கலாம், அணு உடைந்து வெளியே வந்த ஹீமோகுளோபினாக இருக்கலாம், தசை சிதைந்து கசிந்த மயோகுளோபின் என்ற தசைப் புரதமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே நீலம்தான்.

அதனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தாமல், மைக்ரோஸ்கோப்பில் எத்தனை சிவப்பணு தெரிந்தது என்ற வரியையும் சேர்த்துப் படியுங்கள். உயர் உருப்பெருக்கத்தில் ஒரு புலத்துக்கு (ஒரு பார்வையில் தெரியும் வட்டத்துக்கு) 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரத்தக்கசிவு. கல், தொற்று, சிறுநீரக வீக்கம், கட்டி என்று அதற்கான காரணத்தைத் தேட வேண்டும். ஸ்ட்ரிப் நன்றாக நீலமாகியும் அணுக்களே இல்லையென்றால்தான் ஹீமோகுளோபினா, மயோகுளோபினா என்ற கேள்வி எழுகிறது. அதற்கு முன் ஒப்படர்த்தியை, அதாவது சிறுநீர் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். 1.010-க்குக் கீழே நீர்த்துப்போன சிறுநீரிலும், காரத்தன்மை கூடிய சிறுநீரிலும், மணிக்கணக்கில் வெளியே கிடந்த சாம்பிளிலும் சிவப்பணுக்கள் தாமாகவே உடைந்துவிடும். அப்படியானால் புது சாம்பிளில் திரும்பச் சோதிப்பதுதான் சரி.

ஸ்ட்ரிப்பையே உற்றுப் பார்த்தாலும் ஒரு துப்பு கிடைக்கும். மஞ்சள் பரப்பில் புள்ளி புள்ளியாகப் பச்சை தெரிந்தால், முழு அணுக்கள் ஒவ்வொன்றாக அங்கே வந்து உடைகின்றன என்று பொருள். சதுரம் முழுக்க ஒரே சீராக நிறம் ஏறினால் கரைந்த ஹீமோகுளோபினோ மயோகுளோபினோ இருக்கலாம். அணுக்கள் மிக அதிகமாக இருந்தாலும் அப்படித்தான் தெரியும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் இன்னும் தெளிவாகும்: அணுக்கள் என்றால் சிவப்பு அடியில் படிந்து மேல்நீர் தெளியும், கரைந்த நிறமி என்றால் மேல்நீரும் சிவந்தே நிற்கும்.

பிறகு ரத்தப் பரிசோதனை. ரத்தக்குழாய்க்குள் சிவப்பணுக்கள் உடையும்போது வெளிவரும் ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபின் என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். அது தீர்ந்த பிறகே மிச்சம் சிறுநீருக்கு வரும். எனவே ஹாப்டோகுளோபின் குறைந்திருக்கும், அணுக்கள் உடையும்போது வெளிவரும் எல்.டி.எச். என்ற நொதி கூடியிருக்கும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருக்கும். தசைச் சிதைவில் பிளாஸ்மா வழக்கமான நிறத்தில் இருக்க, சி.பி.கே. என்ற தசை நொதி பல மடங்கு ஏறியிருக்கும்.

சாம்பிள் எடுப்பதிலும் சறுக்கல்கள் உண்டு. மாதவிடாய் நாட்களில் எடுத்தால் அந்த ரத்தம் கலந்துவிடும். ரிப்போர்ட்டை நம்ப முடியாது. கடும் உடற்பயிற்சி செய்திருந்தால் 2, 3 நாள் கழித்துக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். பிளீச்சிங் கரைசலில் கழுவிய பாத்திரம் பொய்யான பாசிட்டிவ் தரும். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை எடுப்பவருக்கு உண்மையில் ரத்தம் இருந்தும் நெகட்டிவ் வரலாம், ஆகவே லேபில் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2 மணி நேரத்துக்குள் சோதிக்க முடியாவிட்டால் சாம்பிளை ஃபிரிட்ஜில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பின், நன்றாகக் கலக்கிச் சோதிக்க வேண்டும். கலக்காவிட்டால் அணுக்கள் அடியிலேயே தங்கிவிடும். நிறத்தைப் படிக்க ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு நேரம் உண்டு, பெரும்பாலும் 60 விநாடி. 5 நிமிடம் கழித்துப் பார்த்து 3+ என்று எழுதுவது வீண் பயத்தைத்தான் கிளப்பும்.

ரத்தசோகை இருக்கிறதா என்று அறியவும் சிலர் இந்தச் சோதனையைக் கேட்கிறார்கள். ஹீமோகுளோபின் அளவை ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். சிறுநீரில் அது இல்லாமல் இருப்பதே இயல்பு.

சிவப்பாகப் போனாலே ரத்தம் என்றும் சொல்ல முடியாது. பீட்ரூட்டும் காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரையும் நிறத்தை மாற்றும், ஸ்ட்ரிப் மாறாது. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், மருந்தால்தான் சிவக்கிறது என்று தாங்களே சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. மருந்தையும் தாங்களாக நிறுத்தக் கூடாது. வலியே இல்லாமல் ஒரு தடவை சிவந்து தானாக நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்ப்பைக் கட்டி அப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர் மலேரியாவுக்கான பிரைமாகுயின் போன்ற மருந்து எடுத்தபின் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, அந்த நிறத்தோடு கடும் தசைவலி இருந்தாலோ, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே சிறுநீர் சிவந்தால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர்கள் ஏற்றுவதை நிறுத்திவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள்.